போனில் மேப் பார்த்து ஊர் போய்ச் சேர: முழுமையான வழிகாட்டி

மேப் போட்டுக்கொண்டு போய் வழி தப்பியவர்களைக் கேட்டால் "மேப் சுத்தி விட்டுருச்சு" என்பார்கள். கொஞ்சம் துருவிக் கேட்டால் பெரும்பாலும் மூன்றில் ஒன்று வெளியே வரும். போக வேண்டிய இடத்தைத் தப்பாகக் குறித்திருப்பார்கள். அல்லது வண்டி வகையைக் கவனிக்காமல் விட்டிருப்பார்கள். அதுவும் இல்லையென்றால், மேப் காட்டிய கோட்டை ஒரு தடவைகூடப் பெரிதாக்கிப் பார்க்காமல் 'ஸ்டார்ட்' அழுத்தியிருப்பார்கள். மூன்றுமே வண்டியை எடுப்பதற்கு முன்னால் நடப்பவை. அதனால் இந்த வழிகாட்டியில் பாதிக்கு மேல் கிளம்புவதற்கு முந்தைய வேலைதான். ஓட்டும்போது செய்ய வேண்டியது கொஞ்சம்தான், செய்யக் கூடாதது நிறைய.

இங்கே நான் எடுத்துக்கொள்வது கூகுள் மேப்ஸ். பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் வாங்கும்போதே அது இருக்கிறது. சாலைகள் எல்லாம் தமிழ்நாட்டுச் சாலைகள்.

போனைத் தயார் செய்வது

இது ஒரு முறை செய்தால் போதும், ஐந்து நிமிட வேலை.

1. செட்டிங்ஸில் லொகேஷனை ஆன் செய்யுங்கள். மேப்ஸுக்கு அனுமதி கேட்கும்போது 'ஆப்பைப் பயன்படுத்தும்போது மட்டும்' என்பதைக் கொடுத்தால் போதும். ஆனால் அதே இடத்தில் 'துல்லியமான இருப்பிடம்' என்று ஒன்று இருக்கும். அது கட்டாயம் ஆனில் இருக்க வேண்டும். அதை அணைத்துவிட்டால் நீங்கள் எந்தத் தெருவில் நிற்கிறீர்கள் என்பது ஆப்புக்குத் தெரியாது. ஏதோ இந்தப் பக்கம் இருக்கிறார் என்ற அளவில்தான் தெரியும்.

2. மேப்ஸில் உங்கள் படம் இருக்கும் வட்டத்தை அழுத்தி, செட்டிங்ஸில் வழிகாட்டும் குரலைத் தமிழுக்கு மாற்றுங்கள். ஆங்கிலக் குரல் நம் ஊர்ப் பெயர்களைப் படுத்தும் பாட்டில் பாதி திருப்பங்கள் புரியாது. தமிழ்க் குரலும் சில பெயர்களைத் தடுக்கித்தான் சொல்லும், ஆனால் இடது, வலது, மீட்டர் எல்லாம் தெளிவாகக் காதில் விழும்.

3. வீட்டையும் வேலை செய்யும் இடத்தையும் சேமித்து வையுங்கள்.

நீலப் புள்ளிதான் நீங்கள். அதைச் சுற்றி வெளிர்நீல வட்டம் பெரிதாக இருந்தால், 'இந்த வட்டத்துக்குள் எங்கோ இருக்கிறீர்கள்' என்று ஆப் சொல்வதாக அர்த்தம். அந்த நிலையில் கிளம்பினால் முதல் திருப்பமே தப்பாகும். வெட்டவெளிக்கு வந்து அரை நிமிடம் நின்றால் வட்டம் சுருங்கிவிடும். புள்ளியிலிருந்து டார்ச் வெளிச்சம் போல் நீண்டிருப்பது போன் பார்க்கும் திசை. அது வேறு பக்கம் காட்டினால் போனைக் கையில் பிடித்து காற்றில் எட்டு வரைவது போலச் சில முறை சுழற்றுங்கள், சரியாகிவிடும்.

இன்னொன்றையும் தெரிந்துகொள்வது நல்லது. 'நெட் இல்லைன்னா ஜிபிஎஸ் வேலை செய்யாது' என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. குறைந்தது 4 செயற்கைக்கோள்களின் சிக்னல் கிடைத்தால் போன் தன் இடத்தைத் தானே கணக்குப் போட்டுக்கொள்ளும். சிம் கார்டே இல்லாவிட்டாலும் இது நடக்கும். நெட் தேவைப்படுவது வரைபடத்தை இறக்கவும், நெரிசலைத் தெரிந்துகொள்ளவும், இடத்தைச் சீக்கிரம் கண்டுபிடிக்கவும்தான். நெட் போனதும் புள்ளி அப்படியே இருந்து, பின்னால் இருக்கும் படம் மட்டும் வெறும் சாம்பல் நிறமாவது இதனால்தான்.

இடத்தைக் குறிப்பது: பாதி வேலை இதில்தான்

தமிழ்நாட்டில் எத்தனை புதூர், எத்தனை நல்லூர், எத்தனை புதுப்பட்டி! தேடும்போது வெறும் ஊர்ப் பெயரைப் போடாதீர்கள். கூடவே தாலுகா பெயரையோ பக்கத்துப் பெரிய ஊரின் பெயரையோ சேர்த்துப் போடுங்கள். முடிவு வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது தூரம். அறுபது கிலோமீட்டர் இருக்கும் என்று நினைத்த இடத்துக்கு 240 கிலோமீட்டர் காட்டினால் அது வேறு ஊர்.

ஆங்கில எழுத்தில் தேடும்போது சங்கடம் இன்னும் கூடும். திருவள்ளூர் சென்னைக்குப் பக்கத்தில், திருவாரூர் காவிரிப் படுகையில். ஆங்கிலத்தில் அவசரமாகத் தட்டினால் ஒன்றுக்குப் பதில் மற்றொன்று வந்து நிற்கும். தமிழிலேயே தட்டுங்கள், அல்லது மைக் படத்தை அழுத்திப் பேசுங்கள். தேடல் பெட்டி தமிழை நன்றாகவே புரிந்துகொள்கிறது.

கோயில், கல்யாண மண்டபம் இரண்டும் தனி ரகம். 'மாரியம்மன் கோயில்' என்று போட்டால் வரிசையாக வந்து கொட்டும். ஒரே முதலாளிக்கு ஒரே பெயரில் இரண்டு மண்டபம் இருப்பதும் உண்டு, ஒன்று பழைய பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில், இன்னொன்று பைபாஸில். இப்போது பத்திரிகையிலேயே க்யூஆர் கோடு அச்சடிக்கிறார்கள். அதை ஸ்கேன் செய்தால் வேலை முடிந்தது. ஆனால் அந்தக் கோடு முகூர்த்த மண்டபத்துக்கா, முந்தின நாள் ரிசப்ஷன் நடக்கும் இடத்துக்கா என்று பத்திரிகையை ஒரு தடவை படித்துவிடுங்கள்.

பஸ் நிலையமும் அப்படித்தான். சென்னையிலிருந்து தென்மாவட்டங்களுக்குப் போகும் அரசு பஸ்கள் புறப்படுவது கிளாம்பாக்கத்திலிருந்து; அந்த முனையம் 2023 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்டது. பழைய ஞாபகத்தில் கோயம்பேடு என்று போட்டால் மேப் உங்களை மிகச் சரியாகக் கோயம்பேட்டில் கொண்டுபோய் விடும். அதைக் குறை சொல்ல முடியாது.

பெயரே இல்லாத இடத்துக்குப் போவதுதான் கிராமங்களில் அன்றாடம் நடப்பது. தோட்டத்து வீடு, கிணற்றுமேடு, புதிதாக மனை போட்ட இடம் என்று எதற்கும் மேப்பில் பெயர் இருக்காது. அங்கே இருப்பவரிடம் வாட்ஸ்அப்பில் லொகேஷன் அனுப்பச் சொல்லுங்கள். அனுப்புகிறவருக்குச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. "அண்ணே, வீட்டுக்குள்ள உக்காந்துக்கிட்டு அனுப்பாதீங்க, கேட்டுக்கிட்ட வந்து நின்னு அனுப்புங்க." வீட்டுக்குள் சிக்னல் குறைவு, புள்ளி அடுத்த தெருவில் விழலாம். நீளமான தோட்டமாக இருந்தால் வீடு ஒரு சாலைக்குப் பக்கத்திலும் கேட் வேறு சாலையிலும் இருக்கும். வீட்டுக்குப் புள்ளி வைத்தால் மேப் உங்களை வேலிக்கு அந்தப் பக்கம் நிறுத்தி, 'வந்து சேர்ந்துவிட்டீர்கள்' என்று சொல்லிவிடும்.

ஸ்மார்ட்போன் இல்லாத பெரியவர் வீடு என்றால் சேட்டிலைட் படத்தைப் போட்டு, ஓட்டுவீடு, ஆலமரம், தண்ணீர்த் தொட்டி எனப் போனில் பேசிக்கொண்டே இடத்தைக் கண்டுபிடித்து, அதன்மேல் விரலை அழுத்திப் பிடியுங்கள். சிவப்பு ஊசி விழும். அதைத் தொட்டால் கீழே இரண்டு விஷயம் கிடைக்கும்.

ஒன்று, இரண்டு நீள எண்கள். முதல் எண் அட்சரேகை, இரண்டாவது தீர்க்கரேகை. தமிழ்நாட்டில் எந்த இடமானாலும் முதல் எண் 8க்கும் 13க்கும் இடையில், இரண்டாவது 76க்கும் 80க்கும் இடையில் தொடங்கும். யாராவது எண்களை அனுப்பினால் இதை வைத்து உடனே சரிபார்க்கலாம். மாற்றிப் போட்டால் சென்னை என்பது நார்வேக்கு வடக்கே ஆர்க்டிக் கடலாகிவிடும்.

இரண்டாவது, பிளஸ் கோடு. எழுத்தும் எண்ணுமாக 4, நடுவில் ஒரு கூட்டல் குறி, அப்புறம் 2 அல்லது 3, கடைசியில் ஊர்ப் பெயர். கதவு எண்ணோ தெருப் பெயரோ இல்லாத இடத்துக்கு இதுவே முகவரி. சுமார் 14 மீட்டருக்கு 14 மீட்டர் கட்டம் வரை குறுக்கிக் காட்டும். சாதாரண பட்டன் போன் வைத்திருப்பவருக்கும் வாயால் சொல்ல முடியும். அதற்குத் தோதாக 0, 1 போன்ற குழப்பும் எண்கள் அதில் வராதபடி வைத்திருக்கிறார்கள்.

கார் படமா, பைக் படமா

திசை கேட்டதும் மேலே கார், பைக், பஸ், நடை எனப் படங்கள் வரும். இதில் பைக் இந்தியாவுக்காகவே 2017 டிசம்பரில் முதலில் கொண்டுவரப்பட்டது. கார் நுழையாத குறுக்குச் சந்துகளையும் அது வழியாகக் காட்டும். இதனால்தான் பைக் படம் தேர்ந்தெடுத்திருந்த போனைக் காரில் மாட்டினால் சிக்கல். கடைசியாக எதைப் பயன்படுத்தினீர்களோ அதையே ஆப் ஞாபகம் வைத்திருக்கும். காரில் ஏறியதும் படத்தைப் பாருங்கள்.

மறுபக்கமும் சொல்ல வேண்டும். இரவில், மழையில், குடும்பத்தோடு பைக்கில் போகிறீர்களா? கார் படத்தையே தேர்ந்தெடுங்கள். இரண்டு கிலோமீட்டர் கூடினாலும் விளக்கும் கடையும் உள்ள சாலையில் போவீர்கள். இதிலும் ஒரு விலக்கு உண்டு. பெங்களூரு–மைசூரு விரைவுச் சாலையில் 2023 ஆகஸ்ட் 1 முதல் பைக், ஆட்டோ, டிராக்டர் போகக் கூடாது. அந்தப் பக்கம் போகிறவர்கள் பைக் படத்தில் வைப்பதே சரி.

காரில் போகிறவர்களுக்கு 'டோல் தவிர்' என்று ஒரு விருப்பம் உண்டு. நான் அதை ஆனில் வைப்பதில்லை. நூற்றைம்பது ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் வேகத்தடை வேகத்தடையாக ஏறி இறங்கி, ஒரு மணி நேரத்தையும் டீசலையும் விடுவதில் என்ன லாபம்? வழியில் எவ்வளவு டோல் ஆகும் என்பதை ஆப்பே காட்டுகிறது. பார்த்துவிட்டு நீங்களே கணக்குப் போடுங்கள். பைக்குக்குத் தேசிய நெடுஞ்சாலையில் டோலே கிடையாது என்பதால் அவர்களுக்கு இந்தக் கவலை இல்லை.

ஸ்டார்ட் அழுத்துவதற்கு முன் கோட்டைப் படியுங்கள்

2024 ஜனவரியில் கூடலூரில் நடந்தது பலருக்கும் ஞாபகம் இருக்கும். மேப் காட்டிய வேகமான வழி என்று நம்பி வந்த ஒரு பெரிய கார், காவலர் குடியிருப்புப் பக்கம் போய், செங்குத்தான படிக்கட்டில் இறங்கி மாட்டிக்கொண்டது. கல்லை முட்டுக்கொடுத்து, ஊர்க்காரர்களும் போலீஸும் சேர்ந்துதான் அதை வெளியே எடுத்தார்கள். அது சிரிப்பில் முடிந்தது. அதே ஆண்டு நவம்பரில் உத்தரப்பிரதேசத்தில் ராமகங்கை ஆற்றின் மேல் அரைகுறையாக நின்ற பாலத்திலிருந்து கார் விழுந்து மூன்று பேர் இறந்துபோனார்கள். மேப் பார்த்து வந்ததாகச் சொல்லப்பட்டது. பாலத்தின் ஒரு பகுதி வெள்ளத்தில் போயிருந்தும், குறுக்கே சரியான தடுப்பு இல்லை.

சாலை எங்கே போகிறது என்பது மேப்புக்குத் தெரியும். அது இன்றைக்கு எந்த நிலையில் இருக்கிறது என்பது பல நேரம் தெரியாது. நெரிசல் விவரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சாலையில் போகும் போன்கள் எவ்வளவு வேகத்தில் நகர்கின்றன என்பதைப் பார்த்துத்தான் சிவப்பு, ஆரஞ்சு எல்லாம் போடுகிறது. 2020இல் பெர்லினில் ஒரு கலைஞர் 99 போன்களைக் கைவண்டியில் போட்டுத் தெருவில் மெதுவாக இழுத்துப் போனார். ஆள் இல்லாத தெரு மேப்பில் நெரிசலாகிச் சிவந்துவிட்டது. அதையே திருப்பிப் பாருங்கள். நாளுக்கு நாலு வண்டி போகும் கிராமத்துச் சாலையில் மேப்புக்குத் தகவல் சொல்ல ஆளே இல்லை. அங்கே அது காட்டும் நேரம் உத்தேசம்தான்.

அதனால் கிளம்பும் முன் இரண்டு நிமிடம் ஒதுக்கி இதைச் செய்யுங்கள்.

வழி வந்ததும் இரண்டு விரலால் படத்தை விரித்து, முதலிலிருந்து கடைசிவரை கோட்டின்மேலேயே ஓடிப் பாருங்கள். பெரிய சாலையிலிருந்து விலகி, மெல்லிய கோடு ஒன்றில் நுழைந்து, மறுபடி அதே பெரிய சாலையில் ஏறுகிறதா? அங்கே நிறுத்துங்கள். இரண்டு நிமிடம் மிச்சமாகும் என்பதற்காக அது கண்டுபிடித்த குறுக்குவழி அது. சேட்டிலைட் படத்துக்கு மாற்றிப் பாருங்கள். கருப்பாகத் தெரிந்தால் தார் ரோடு, செம்மண் நிறமாக இருந்தால் மண் பாதை. பக்கத்தில் நீளமாக நீர்நிலை இருந்தால் அது கண்மாய்க்கரை அல்லது ஏரிக்கரை. எதிரே ஒரு டிராக்டர் வந்தால் ஒதுங்க இடம் இருக்காது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை, ஆற்றை எங்கே கடக்கிறது என்றும் பாருங்கள். தரைப்பாலம் மூழ்கியிருப்பதும், ரயில்வே சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்பதும் மேப்பில் பெரும்பாலும் தெரியாது. உள்ளூர் ஆளுக்குப் போன் போட்டுக் கேட்டால் ஒரே நிமிடத்தில் தெரியும்.

அந்தக் குறுக்குவழி வேண்டாமென்றால், பெரிய சாலையில் இருக்கும் ஓர் ஊரை நடுவில் நிறுத்தமாகச் சேருங்கள். 'ஸ்டாப் சேர்' என்று இருக்கும். கோடு தானாக அந்தப் பக்கம் நகர்ந்துவிடும். மேப்பை நம் சொற்படி போக வைக்க இதைவிட எளிய வழி இல்லை, இருந்தும் பலர் இதைத் தொடுவதே இல்லை.

மலைக்குப் போகும்போது இது இன்னும் முக்கியம். நீலகிரியை எடுத்துக்கொள்வோம். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு இரண்டு வழி, குன்னூர் வழி ஒன்று, கோத்தகிரி வழி ஒன்று. கோடை சீசனில் ஏறுவது குன்னூர் வழி, இறங்குவது கோத்தகிரி வழி என்று போலீஸ் ஒருவழி ஆக்குவது வழக்கம். மேப் இன்னும் பழைய கணக்கிலேயே இருக்கலாம். மசினகுடியிலிருந்து கல்லட்டி வழியாக ஊட்டி பக்கம்தான், ஆனால் 36 கொண்டை ஊசி வளைவுகள். ஊட்டியிலிருந்து அந்த வழியில் இறங்க வெளியூர் வண்டிகளை விடுவதில்லை. முதுமலையைத் தாண்டினால் பந்திப்பூர். அந்தக் காட்டுச் சாலை இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை மூடியிருக்கும். சத்தியமங்கலத்திலிருந்து 27 வளைவு ஏறும் திம்பம் சாலையிலும் இரவுக் கட்டுப்பாடு உண்டு. இதெல்லாம் போக, 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வேண்டும். மேப் உங்களைச் சோதனைச் சாவடி வரை கொண்டுபோய் விடும், அதற்கு மேல் பாஸ்தான் பேசும்.

இங்கே உதவும் இன்னொரு வசதி, புறப்படும் நேரத்தை முன்கூட்டிப் போட்டுப் பார்ப்பது. மூன்று புள்ளியை அழுத்தினால் புறப்படும் நேரம் அல்லது சேர வேண்டிய நேரம் போடலாம். ஞாயிறு இரவு பத்து மணிக்கு உட்கார்ந்துகொண்டு சென்னையைக் கடக்க ஆகும் நேரத்தைப் பார்த்துவிட்டு, திங்கள் காலை எட்டு மணிக்கு அதையே எதிர்பார்த்தால் என்ன ஆகும் என்று பெருங்களத்தூரில் நின்றவர்களுக்குத் தெரியும்.

நெட் இல்லாத இடத்துக்கு

மலை, காடு, மாநில எல்லை, இந்த மூன்று இடத்திலும் சிக்னல் போகும். வீட்டு வைஃபையிலேயே வரைபடத்தை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் படம் இருக்கும் வட்டம், அதில் ஆஃப்லைன் மேப்ஸ், அதில் சொந்த வரைபடத்தைத் தேர்ந்தெடுப்பது. நீலச் சட்டம் ஒன்று வரும். நீங்கள் போகும் ஊர் மட்டுமின்றி வழி முழுக்கச் சட்டத்துக்குள் வரும்படி விரித்து இறக்குங்கள். எத்தனை எம்பி பிடிக்கும் என்று கீழேயே காட்டும்.

ஆஃப்லைனில் கார் வழி கிடைக்கும். நெரிசல், மாற்று வழி, பஸ் நேரம், நடை வழி கிடைக்காது. மலையேறவோ காட்டுப் பாதையில் நடக்கவோ போகிறவர்கள் ஆர்கானிக் மேப்ஸ் அல்லது ஆஸ்மாண்ட் போன்ற ஆப்பைக் கூடவே வைத்துக்கொள்ளுங்கள். தன்னார்வலர்கள் வரைந்த ஓபன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தில் இவை ஓடுகின்றன. நெட் இல்லாமலே நடை வழியும் சொல்லும், பல இடங்களில் ஒற்றையடிப் பாதைகூட இருக்கும்.

ஓட்டும்போது

போன் கையில் இருக்கக் கூடாது. 2020 அக்டோபரிலிருந்து நடைமுறையில் உள்ள மோட்டார் வாகன விதி, ஓட்டும்போது போனை வழி பார்க்க மட்டும், அதுவும் கவனம் சிதறாதபடி பயன்படுத்தலாம் என்கிறது. காரில் ஸ்டாண்டு போட்டு மாட்டுங்கள். பைக்கில் நல்ல போனை நேராக ஹேண்டில்பாரில் மாட்டுவதை நான் சொல்ல மாட்டேன். என்ஜின் அதிர்வு கேமராவைக் கெடுக்கக்கூடும் என்று ஆப்பிள் நிறுவனமே 2021இல் எச்சரித்தது. வெயிலில் போன் சூடாகித் திரை மங்கிவிடும், மழையில் ஈரத்திரை தானாக எதையாவது அழுத்திவிடும். போனைப் பாக்கெட்டில் போட்டு, ஒரு காதில் மட்டும் சத்தம் குறைவாக வைத்து, ஹார்ன் கேட்கும்படி போவதே மேல். குழப்பம் வந்தால் ஓரங்கட்டிப் பாருங்கள்.

திருப்பத்தை விட்டுவிட்டால் பதற வேண்டாம், அப்படியே போய்க்கொண்டே இருங்கள். மேப் சில நொடியில் புது வழி போட்டுவிடும். நான்குவழிச் சாலையில் 'யு டர்ன் எடுக்கவும்' என்று அது சொல்லும்போது பார்க்க வேண்டியது போனை அல்ல, கண்ணாடியை. அடுத்த பாலத்தடி நாலு கிலோமீட்டர் தள்ளி இருந்தாலும் அங்கேயே திரும்புங்கள். எதிர்த்திசையில் ஓரமாகவே வந்துவிடலாம் என்று நினைப்பவர்களால் பைபாஸில் பல விபத்துகள் நடக்கின்றன.

மேம்பாலம்தான் எல்லோரையும் ஏமாற்றும் இடம். ஜிபிஎஸ்ஸுக்குப் பக்கவாட்டுத் தூரம் ஓரளவு தெரியும், உயரம் சரியாகத் தெரியாது. பக்கவாட்டிலேயே, அதுவும் திறந்த வெளியில், ஐந்து மீட்டர் வரை பிசகும். எனவே நீங்கள் மேலே போகிறீர்களா, கீழே போகிறீர்களா, மெயின் ரோட்டில் இருக்கிறீர்களா, பக்கத்து சர்வீஸ் ரோட்டில் இருக்கிறீர்களா என்று அது திணறும். கோவை அவிநாசி சாலையில் 2025 அக்டோபரில் திறந்த மேம்பாலம் 10 கிலோமீட்டர் நீளம். தெரியாமல் ஏறிவிட்டால் இறங்கும் இடம் வரும்வரை ஒன்றும் செய்ய முடியாது. மேம்பாலம் வருவதை முன்கூட்டிச் சொல்லும் வசதியை 2024 ஜூலையில் கூகுள் இந்திய நகரங்களுக்குக் கொண்டுவந்தது. ஆனாலும் கத்திப்பாரா போன்ற இடத்தில் நான் நம்புவது பச்சைப் பலகையைத்தான். போகும் திசையில் இருக்கும் பெரிய ஊரின் பெயரைக் கிளம்பும்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பலகையில் அந்தப் பெயர் இருக்கும் பக்கம் ஏறினால் சரி.

நடுவழியில் 'வேகமான வழி கிடைத்துள்ளது, 3 நிமிடம் மிச்சம்' என்று கேட்கும். மூன்று நிமிடத்துக்காகத் தெரியாத சாலைக்கு மாறாதீர்கள். இருபது, முப்பது நிமிடம் என்றால் முன்னால் ஏதோ நடந்திருக்கிறது, மாறலாம்.

ஊர் எல்லையில் போனை வைத்துவிட்டு

கடைசி ஒரு கிலோமீட்டரில் மேப்பைவிட டீக்கடை நல்லது. ஆனால் கேட்கும் விதம் ஒன்று உண்டு. போனை நீட்டி "இந்த எடம் எங்க இருக்கு" என்று கேட்டால் பெரியவர்கள் திரையைப் பார்த்துவிட்டுக் குழம்புவார்கள். ஆள் பெயரையும் அடையாளத்தையும் சொல்லுங்கள். முக்கியமாக "வழி எது" என்று மட்டும் கேட்காமல், "அண்ணே, இந்த வழியா கார் போகுமா?" என்று கேளுங்கள்.

"போகும் தம்பி. திருப்பறதுக்குத்தான் எடம் இல்ல. ரிவர்ஸ்லதான் வரணும். நீங்க அந்த ரேஷன் கடைய ஒட்டி வந்துருங்க."

இந்தப் பதிலை எந்த ஆப்பும் தராது. திருவிழா நாளில் தேர் எந்தத் தெருவில் நிற்கிறது, எங்கே சாவுக்குப் பந்தல் போட்டிருக்கிறது, எந்த ரோட்டைக் குழாய் பதிக்கத் தோண்டியிருக்கிறார்கள் என்பதெல்லாம் அங்கே உட்கார்ந்திருப்பவருக்குத்தான் தெரியும்.

தெரியாத ஊரில் வண்டியை நிறுத்தியதும் நீலப் புள்ளியைத் தொட்டு 'பார்க்கிங் சேமி' அழுத்திவிடுங்கள். தி. நகரிலோ மதுரை மாசி வீதிகளிலோ வண்டியைத் தேடி அலைந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

பஸ், மெட்ரோ, நடை

பஸ் படத்தை அழுத்தினால் எந்த எண் பஸ், எங்கே மாற வேண்டும், மெட்ரோ எவ்வளவு நேரம் என்று காட்டும். சென்னையில் மெட்ரோவும் மின்சார ரயிலும் பெரும்பாலும் சரியாக இருக்கும். டவுன் பஸ் நேரத்தை அப்படியே நம்பி நிற்காதீர்கள், எண் சரியா என்று மட்டும் எடுத்துக்கொண்டு நிறுத்தத்தில் நிற்பவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். சின்ன ஊர்களின் மினி பஸ் பற்றி மேப்பில் தேடுவதே வீண். பஸ்ஸில் தூங்கிப்போகும் பழக்கம் உள்ளவர்கள் நீலப் புள்ளியை அவ்வப்போது பார்த்துக்கொள்ளலாம். நடத்துநர் குரல் கொடுக்கும் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

வீட்டுக்குத் தெரியட்டும்

இரவுப் பயணத்தில் வாட்ஸ்அப்பில் லைவ் லொகேஷன் போட்டு வைத்தால் "எங்க வர்றே?" என்ற போன் வராது. 15 நிமிடம், 1 மணி நேரம், 8 மணி நேரம் என்று மூன்று அளவு உண்டு. போய்ச் சேர்ந்ததும் நிறுத்திவிடுங்கள். குழுவில் போடாமல் ஒருவருக்கு மட்டும் அனுப்புவது நல்லது.

விபத்தோ வண்டிக் கோளாறோ ஆனால், 108க்கோ 112க்கோ பேசும்போது பதற்றத்தில் இடம் சொல்ல வராது. நீலப் புள்ளியை அழுத்தினால் வரும் பிளஸ் கோடையும் பக்கத்து ஊர்ப் பெயரையும் படித்துச் சொல்லுங்கள். தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033. அங்கே ஓரத்தில் உள்ள கிலோமீட்டர் கல்லின் எண்ணையும், எந்த ஊரை நோக்கிப் போகும் பக்கம் என்பதையும் சேர்த்துச் சொன்னால் வண்டி மறுபக்கம் போய்த் திரும்பி வர நேராது.

தப்பாக இருந்தால் திருத்தலாம்

உங்கள் கடையோ வீடோ மேப்பில் தப்பான இடத்தில் இருந்தால், அந்த இடத்தைத் தொட்டு 'திருத்தம் பரிந்துரை' என்பதற்குள் போய் ஊசியை வாசலுக்கு நகர்த்துங்கள். கட்டடத்தின் நடுவில் வைக்காமல், வண்டி நுழையும் பக்கத்தில் வையுங்கள். புது இடமென்றால் 'இடம் சேர்' உண்டு. பெயரைத் தமிழில் எழுதி, போர்டு தெரியும்படி ஒரு படமும் சேர்த்தால் ஏற்கப்பட வாய்ப்பு அதிகம். மூடிய சாலை, இல்லாத சாலை, ஒருவழியாகிவிட்ட தெரு இவற்றையும் அப்படியே தெரிவிக்கலாம். சில திருத்தம் சீக்கிரம் ஏறிவிடும், சாலை தொடர்பானது தாமதமாகும். ஏறியதும் மின்னஞ்சல் வரும். அதுவரை வருகிறவர்களுக்கு வாட்ஸ்அப்பில் சரியான லொகேஷனை அனுப்பிக்கொண்டிருங்கள்.